தீவை விழுங்கிய தீர்வு

பீன்யாவின் சுவர்களில் மழைக்காலத்தில் ஏறும் ஆப்பிரிக்க நத்தைக்கும் பசிபிக் தீவு ஒன்றில் அழிந்துபோன சின்ன நத்தைகளுக்கும் ஒரே சரித்திரம்

பீன்யாவுக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், சரக்கு எடுக்கப் போகிறார்கள், வேலை கேட்டுப் போகிறார்கள். பெங்களூரின் வடமேற்கே தும்கூர் சாலையை ஒட்டி 1970களில் உருவான தொழிற்பேட்டை இது. லேத் பட்டறைகள், பவுடர் கோட்டிங், முலாம் பூசும் ஷெட்டுகள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். இவற்றுக்கு நடுவே இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த அறை இங்கேதான் இருக்கிறது. நிலவுக்கு வழி காட்டிய இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவுக்கு வழி கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

2014 மார்ச்சில் மெட்ரோ வந்தது. ரயில் தலைக்கு மேலே போகிறது. கீழே லாரிகள் பழைய வேகத்தில்தான் நகர்கின்றன. மழை பெய்தால் சாக்கடை எது, சாலை எது என்று தெரியாது. தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டும். முலாம் பட்டறைகளின் குரோமியம் நிலத்தடி நீரில் கலந்திருப்பதாகப் பல வருடங்களாகச் செய்தி வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஓர் உயிரினம் கொழுத்துப் பெருகுகிறது என்றால் நம்புவது கஷ்டம்.

ஆனால் பெருகுகிறது. ஜூன் பிறந்து நாலு மழை விழட்டும். இருட்டிய பிறகு, இரண்டாம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், காம்பவுண்டு சுவர்களைப் பார்க்க வேண்டும். கை நீளத்தில் பாதி இருக்கும் பழுப்பு நிறக் கூம்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். சுவரில் என்ன இருக்கிறது தின்ன? சுண்ணாம்பு இருக்கிறது. ஓடு வளரக் கால்சியம் வேண்டும், அதற்காக வெள்ளையடித்த சுவரையும் சிமெண்டுப் பூச்சையும் சுரண்டித் தின்னும் நத்தை இது. தொழிற்சாலை வாசலில் அழகுக்கு வைத்த குரோட்டன்ஸ், கேண்டீனுக்குப் பின்னால் யாரோ நட்ட பப்பாளி, காவலாளி வளர்க்கும் கீரைப் பாத்தி, எல்லாம் அதற்குச் சாப்பாடு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தின்னக்கூடியது என்று பதிவாகியிருக்கிறது.

கன்னடத்தில் நத்தைக்குப் பெயர் 'பசவன ஹுளு'. பசவன் என்றால் நந்தி. தலையில் இரண்டு கொம்பு இருப்பதால் நந்தியின் புழு. (பீன்யாவில் இருக்கும் பெரிய பஸ் நிலையத்துக்குப் பசவேஸ்வரர் பெயர். பஸ்ஸைவிட நத்தை அதிகம் வரும் என்று அந்தப் பகுதி ஆட்டோக்காரர் ஒருவர் அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்.) தமிழுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. நத்தைக்குப் பழைய பெயர் 'நந்து'. அகராதியைப் புரட்டினால் 'நந்துதல்' என்ற வினைக்கு இரண்டு பொருள்: பெருகுதல் என்பது ஒன்று, கெட்டு அழிதல் என்பது மற்றொன்று. ஒரு சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு அர்த்தம் எப்படி வந்தது என்று இலக்கண ஆசிரியர்கள் விளக்கட்டும். நத்தைகளின் உலகத்தில் இரண்டுமே நடந்திருக்கின்றன, அதுவும் ஒன்றுக்கு மற்றொன்று காரணமாக.

பீன்யா சுவரில் ஏறும் நந்தி பெங்களூர் நந்தி அல்ல. அதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மடகாஸ்கர் வழியாக மொரீஷியஸ் தீவுக்கு வந்தது. மொரீஷியஸிலிருந்து 1847இல் கல்கத்தாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. வங்காள சிவில் சர்வீஸ் உத்தியோகம், நத்தை ஓடு சேகரிப்பது பொழுதுபோக்கு. உயிரோடு கொண்டுவந்த ஒரு சில நத்தைகள் சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. இந்தியாவுக்குள் அதன் வரலாறு அங்கே ஆரம்பிக்கிறது. 1900 வாக்கில் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மலாயா, பிறகு பசிபிக். அந்தமானுக்கு இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. ஒரு தடவைக்கு நூறு முதல் நானூறு முட்டை இடும். வெயில் காலத்தில் ஓட்டு வாயை ஒரு ஜவ்வால் மூடிக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். நர்சரித் தொட்டி மண்ணோடு போகும், செங்கல் லோடோடு போகும், கண்டெய்னரின் அடியில் ஒட்டிக்கொண்டு போகும். தானாக நகர்ந்தால் ஒரு வருடத்தில் பீன்யாவின் ஒரு குறுக்குச் சாலையைத் தாண்டாது. மனிதன் அதற்குக் கால்களாக இருக்கிறான்.

தருமபுரி பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகப் பீன்யாவில் லேத் ஓட்டும் ஃபோர்மேன் ஒருவர், உப்புப் பாக்கெட்டும் கையுமாக நின்ற காவலாளியைப் பார்த்து அலுத்துப்போய் என்னிடம் கேட்டார்: "எவ்வளவு உப்பு கொட்டறது சார்? இதைத் தின்னுற ஜந்து ஏதாவது ஒண்ணு உலகத்துல இருக்கும்ல? அதைக் கொண்டாந்து விட்டுட்டா முடிஞ்சுது!"

நியாயமான யோசனை. இதே யோசனை பசிபிக் கடலின் நடுவில், பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருக்கும் தஹிதி, மூரியா என்ற தீவுகளில் ஐம்பது வருடத்துக்கு முன் தோன்றியது. அங்கே அதைச் செய்தும் பார்த்தார்கள்.

தஹிதியும் மூரியாவும் எரிமலை கக்கியெழுந்த தீவுகள். எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. அப்படிப்பட்ட தீவுக்கு நத்தை எப்படிப் போயிருக்கும் என்று டார்வினே மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு நத்தையைக் கடல் நீரில் இருபது நாள் போட்டு வைத்தார். அது பிழைத்து நடந்தது. எப்படியோ வந்து சேர்ந்த முன்னோர்களிலிருந்து இந்தத் தீவுகளில் கிளைத்த இனங்களுக்குப் பொதுப் பெயர் பார்ட்டுலா.

சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஓடு. மர இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழும். பச்சைப் பயிரைத் தொடாது, மக்கிய இலையையும் இலைமேல் படரும் பாசியையும் பூஞ்சையையும் வழித்துத் தின்னும். முட்டையிட்டுக் குவிக்கிற வழக்கம் கிடையாது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி, அதுவும் ஓட்டோடு உயிராகவே பிறக்கும். ஆப்பிரிக்க நத்தையின் நானூறு முட்டைகளுக்கு எதிரில் இந்த ஒற்றைக் குட்டியை வைத்துப் பார்த்தால் மேற்கொண்டு நடந்தது புரியும்.

பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அவற்றின் நிறமும் வரியும் மாறும். சங்கில்தான் வலம்புரி, இடம்புரி பார்ப்போம். மூரியாவின் பார்ட்டுலா ஒன்றில் ஒரே இனத்துக்குள் வலம்புரி நத்தையும் உண்டு, இடம்புரி நத்தையும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கூடுவது சிரமம். ஓர் இனம் இரண்டாகப் பிரிவதை நேரில் பார்ப்பது போல இருக்கும் என்பதால் பரிணாமம் படிக்கிறவர்களுக்கு இந்தத் தீவுகள் ஒரு பாடசாலை. அமெரிக்கரான ஹென்றி கிராம்ப்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக ஏறி இறங்கி இவற்றை அளந்து பெரிய புத்தகங்கள் எழுதினார். 1960களிலிருந்து பிரையன் கிளார்க், ஜேம்ஸ் முர்ரே, மைக்கேல் ஜான்சன் மூவரும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கு மரபியல் எல்லாம் தேவைப்படவில்லை. அவர்கள் ஓடுகளைக் கோத்து மாலை கட்டினார்கள்.

1967இல் ஆப்பிரிக்க நத்தை தஹிதிக்கு வந்தது. பிறகு மூரியாவுக்கு. தோட்டங்கள் பாழாயின. சனங்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகளிடம் தயாராக ஒரு விடை இருந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கத்தில் இன்னொரு நத்தை இருக்கிறது, இளஞ்சிவப்பு ஓடு, மாமிசம் தின்பது. மற்ற நத்தைகள் விட்டுச்சென்ற கோழைத் தடத்தை மோப்பம் பிடித்துத் துரத்திப் பிடிக்கும். நத்தை துரத்துவதா என்று சிரிக்க வேண்டாம். இது மற்ற நத்தைகளைவிட வேகமானது, சின்னதாக இருந்தால் ஓட்டோடு விழுங்கிவிடும். ஓநாய் நத்தை என்றே அதற்குப் பெயர். ஹவாய்த் தீவில் 1955இலேயே அதை விட்டிருந்தார்கள். தஹிதியில் 1974இல் விட்டார்கள். மூரியாவில் 1977இல்.

ஓநாய்க்கு யாரும் உத்தரவுக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தையோடு மல்லுக்கட்டுவதைவிட இலைக்கு அடியில் நகராமல் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் பார்ட்டுலா அதற்குச் சுலபமாக இருந்தது. கிளார்க் குழுவினர் அது மூரியாவில் வருடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலாகப் பரவுவதைக் கணக்கிட்டார்கள். அது போன இடத்தில் வெற்று ஓடுகள் கிடந்தன. 1984இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றால் நேர்ந்த அழிவு என்றுதான் சொன்னது. 1987இல் மூரியாக் காட்டில் தேடியபோது ஏழு பார்ட்டுலா இனங்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பத்து வருடம்தான். ஆப்பிரிக்க நத்தை? அது இருக்கிறது.

மாலை கட்டுகிற பெண்களுக்கு ஓடு கிடைக்காமல் போனது.

முற்றும் அழிவதற்கு முன் அந்த ஆராய்ச்சியாளர்கள் சில நத்தைகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோயிருந்தார்கள். லண்டன், எடின்பரோ, ஜெர்சி, டெட்ராயிட் என்று பல மிருகக்காட்சிசாலைகள் அவற்றைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் வளர்த்தன. யானை, சிங்கம் பார்க்க டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்குத் தெரியாத ஒரு பின்னறையில் ஓர் இனத்தின் மொத்த ஜனத்தொகையும் இருந்தது. எல்லாம் பிழைக்கவில்லை. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டனில் செத்தது. நுண்ணுயிர் ஒட்டுண்ணி ஒன்று காரணம். ஓர் இனத்தின் முடிவுக்கு இத்தனை துல்லியமாகத் தேதியும் நோயும் எழுதப்படுவது அபூர்வம். கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் 1769இலேயே சேகரிக்கப்பட்ட பார்ட்டுலா ஃபாபா எடின்பரோவில் 2016இல் முடிந்தது. ஹவாயிலும் இதே கதை. அங்கே ஒரு மர நத்தை இனத்தின் கடைசி ஜீவனுக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2019 புத்தாண்டு அன்று அது இறந்தது.

தஹிதியில் வெள்ளை ஓட்டு பார்ட்டுலா ஒன்று மட்டும் ஓநாய்க்கு நடுவிலும் எப்படியோ தாக்குப்பிடித்தது. ஏன் என்பதைக் கண்டுபிடித்த விதம் பீன்யாவின் எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த, சில மில்லிமீட்டரே இருக்கும் கம்ப்யூட்டரை ஓநாய் நத்தையின் ஓட்டிலேயே ஒட்டி, அது எவ்வளவு வெயிலில் நடமாடுகிறது என்று அளந்தார்கள். அருமை நத்தையின் மேல் பசை தடவுவதற்கில்லை, அது ஒட்டியிருக்கும் இலைகளில் கருவியை வைத்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. வெள்ளை நத்தை வாழும் காட்டோரத்தில் சராசரியாகப் பத்து மடங்கு அதிக வெயில். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஓநாய் அங்கே வந்தால் காய்ந்துபோகும்.

2015 முதல் மிருகக்காட்சிசாலை நத்தைகள் விமானம் ஏறித் திரும்பிக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு பெயிண்ட் பொட்டு. இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் பொட்டு மின்னும், எத்தனை பிழைத்திருக்கிறது என்று எண்ணலாம். 2024இல் மூரியாவில் எண்ணப் போனவர்களுக்குப் பொட்டில்லாத பெரிய நத்தை கிடைத்தது. பொட்டில்லை என்றால் கூண்டில் பிறந்ததல்ல, காட்டிலேயே பிறந்து வளர்ந்தது என்று அர்த்தம். 'காட்டில் இல்லை' என்ற பட்டியலிலிருந்து அந்த இனத்தின் பெயர் 'மிக ஆபத்தில்' என்ற பட்டியலுக்கு மாறியது. ஆபத்துப் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு மனிதர்கள் சந்தோஷப்பட்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, இயற்கை எதிரியைக் கொண்டுவருவதே பாவம் என்று முடிவுகட்டுவதும் தவறு. பீன்யாவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல கிழக்கே ஹெப்பாள். அங்கே இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இதே தொழிலைத்தான் செய்கிறது. அதன் பெரிய வெற்றி நம் மண்ணில் நடந்தது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போலச் செடிகள் ஆயின. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்தார்கள். 2010இல் இந்த நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. வந்ததும் வயலில் விடவில்லை. தனிமையில் வைத்து, இந்த மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதைத் தொடுகிறது என்று சோதித்தார்கள். உள்ளூர்ப் பூச்சிகளைத் தொடவில்லை என்று உறுதியான பிறகு அந்த வருடமே தமிழ்நாட்டில் விட்டார்கள். ஈரோடு, சேலம் பக்கத்து மரவள்ளிக்காரர்களுக்கு மீதி தெரியும்.

குளவிக்கும் ஓநாய் நத்தைக்கும் என்ன வித்தியாசம்? குளவி முட்டை வைக்க அந்த ஒரு பூச்சியின் உடம்புதான் வேண்டும். அது இல்லாவிட்டால் குளவியும் இல்லை. ஓநாய்க்கு நத்தை என்றால் போதும், எந்த நத்தை என்று கேட்காது. மூரியாவில் கேட்கப்படாத கேள்வி ஹெப்பாளில் முதல் கேள்வி.

ஆப்பிரிக்க நத்தைக்கு அப்படி ஒரு குளவி இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே பீன்யாவின் வசம் இருப்பவை பழைய வழிகள்தான். கேரளம் இதில் நம்மைவிட அடிபட்ட மாநிலம். பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்த கரைசலைச் சிபாரிசு செய்தது. ஈரச் சாக்கின் மேல் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ போட்டு வைத்தால் இரவில் நத்தைகள் வந்து கூடும், காலையில் அள்ளி உப்புத் தண்ணீரில் போடலாம். வெறும் கையால் தொடக்கூடாது. எலியின் நுரையீரல் புழு இந்த நத்தையில் குடியிருக்கக்கூடும். மூளைச் சவ்வு அழற்சி கொண்டுவருவது அது. கேரளத்தில் குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. ஷெட்டுக்குப் பின்னால் நத்தையை வைத்து விளையாடும் பிள்ளைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடையில் கிடைக்கும் நீலக் குருணை மருந்து வேறு விதம். தூவிவிட்டுத் தூங்கப் போகலாம், அதனால் எல்லோருக்கும் பிடிக்கிறது. அது எந்த நத்தையையும் கொல்லும், தின்றால் நாயையும் கொல்லும். ஓநாயின் குணம்தான் அதற்கும்.

எந்த நத்தையையும் என்று சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. நமக்கும் சொந்த நத்தைகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் சுமார் 270 நில நத்தை இனங்கள், நாலில் மூன்று பங்கு வேறெங்கும் இல்லாதவை என்று பெங்களூர் ஏட்ரீ நிறுவனத்தின் அரவிந்தும் சக ஆராய்ச்சியாளர்களும் 2005இல் கணக்குக் கொடுத்தார்கள். இலங்கையின் ஈரக்காடுகளில் அகாவஸ் என்ற அழகான பெரிய மர நத்தை இருக்கிறது. அதன் உறவினர்கள் மடகாஸ்கரிலும் செஷல்ஸிலும் இருக்கிறார்கள், நடுவில் இருக்கும் இந்தியாவில் இல்லை. கண்டங்கள் பிரிந்த காலத்துப் பாகப்பிரிவினை அது. இவை மலைக்கும் தீவுக்கும் உரியவை, பீன்யாவில் வராது. ஆனால் பீன்யாவும் முழுக்கத் தகரக் கூரையாகிவிடவில்லை. ஜாலஹள்ளி எச்.எம்.டி. வளாகத்தை ஒட்டி 'பீன்யா பிளாண்டேஷன்' என்று வனத்துறைப் பதிவேட்டில் இருக்கும் நிலம் இருக்கிறது. 1960களில் கைக்கடிகாரத் தொழிற்சாலைக்குப் போன சுமார் 599 ஏக்கர். 2024இல் வனத்துறை அது எங்களுடையது என்று திரும்பக் கேட்டது. அதே வருடம் சினிமா செட்டுக்காக அங்கே மரம் வெட்டியதாகப் புகார் எழுந்து பேப்பரில் வந்தது. மரம் விழுந்தால் செய்தியாகிறது. இலைச் சருகுக்கு அடியில் இருப்பதற்கு அந்த பாக்கியம் இல்லை.

அந்த மாதிரி மரநிழலிலும், தோட்டம் வைத்த பழைய காம்பவுண்டுகளிலும் தென்னிந்தியச் சமவெளியில் வாழும் கிரிப்டோஸோனா என்ற நத்தை இருக்கிறது. நம் ஊர் வாய்க்கால் வரப்பிலும் மழைக்குப் பின் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்கக் குஞ்சும் இதுவும் அளவில் ஒன்று போல இருப்பதால் காவலாளியின் உப்பு இரண்டின் மேலும் விழுகிறது. பிரித்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. ஆப்பிரிக்க நத்தையின் ஓடு சின்ன வயதிலேயே பம்பரத்தைப் போலக் கூம்பி, மேலிருந்து கீழாகத் தீற்றிய பழுப்புக் கோடுகளோடு இருக்கும். நம் நத்தையின் ஓடு தட்டை, சுருட்டிய முறுக்கு மாதிரி, வெளிர் பழுப்பில் சுற்றோடு போகும் பட்டை. கையுறை மாட்டிக்கொண்டு காலையில் சாக்கைப் புரட்டும்போது கூம்பை வாளியில் போட்டுவிட்டு, தட்டையை எடுத்த இடத்திலேயே செடி ஓரமாக விட்டுவிடலாம்.